அவசர வழிக் கதவில் பூட்டு: நாடகத்தை 40 நிமிடம் தள்ளி வைத்தது தவறா?

பக்கத்திரை | வெள்ளி, இரவு 11.50

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக நாடகக் குழுவில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். மேடை மேலாளர் பொறுப்பு இந்த முறைதான் எனக்கு வந்தது. நேற்று முதல் காட்சி. 7.00 மணிக்குத் தொடங்க வேண்டிய நாடகம் 7.40க்குத் தொடங்கியது. நான்தான் காரணம்.

மாலை 6.00 மணிக்கு அரங்கைச் சுற்றிப் பார்த்தபோது இடப்பக்க அவசர வழிக் கதவு திறக்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. போன வாரம் நடந்த இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் இல்லாத சிலர் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்களாம். அதனால் காவல் பிரிவு பூட்டிவிட்டது. சாவி வைத்திருந்தவர் வேலை முடிந்து கிளம்பிவிட்டார்.

அரங்கில் 420 இருக்கைகள். டிக்கெட் முழுவதும் விற்றிருந்தது. நாடகத்தில் புகை இயந்திரம் உண்டு, இரண்டாம் காட்சியில் மேடையில் ஏழு மெழுகுவத்திகள் எரியும். கதவு திறக்கும்வரை பார்வையாளர்களை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நெறியாளர் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். "இடைவேளைக்குள் சாவி வந்துவிடும், அதுவரை என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார். சாவி 7.25க்கு வந்தது.

நாடகம் நன்றாக நடந்தது. ஒரு அசம்பாவிதமும் இல்லை. ஆனால் முடிந்த பிறகு குழுவில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. பொறுப்பாசிரியர், "அடுத்த முறை கொஞ்சம் விவேகமாக நடந்துகொள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. அதற்குள் பாதுகாப்பு நடைமுறை ஒன்றை எழுதித் தரும்படி என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

நான் செய்தது சரியா? அந்த நடைமுறையில் என்னென்ன இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

விளக்கடி | சனி, காலை 6.15

தங்கை, நீங்கள் செய்தது சரி. முப்பது ஆண்டுகளாக மேடை விளக்கு கட்டுகிறவன் சொல்கிறேன், நூற்றுக்கு நூறு சரி.

சிகாகோ நகரில் இரோக்வா தியேட்டர் என்று ஓர் அரங்கம் இருந்தது. திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். 1903 டிசம்பர் 30 பிற்பகல் காட்சி, விடுமுறைக் காலம், கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வில்விளக்கு ஒன்றிலிருந்து தெறித்த பொறி மேடைத் துணியில் பற்றியது. மேடைத் தீ பார்வையாளர் பக்கம் வராமல் தடுக்கும் தீத்திரையை இறக்கினார்கள், அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. 602 பேர் இறந்தார்கள்.

தீ எப்படிப் பிடித்தது என்பதைவிட, மக்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். சில கதவுகள் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாள் யாருக்கும் பழக்கமில்லாத வகை. மாடிப்படிகளில் இரும்புக் கிராதிகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். எதற்காக? மேல்மாடத்தில் குறைந்த விலை டிக்கெட் வாங்கியவர்கள் கீழே இறங்கி விலை கூடிய இருக்கையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

உங்கள் அரங்கின் சங்கிலிக்கும் அந்தக் கிராதிக்கும் காரணம் ஒன்றுதான். டிக்கெட் இல்லாதவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, டிக்கெட் வாங்கியவரை உள்ளே அடைத்துவிடுகிறது. இன்று உலகம் முழுவதும் அவசர வழிக் கதவுகளில் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, உடம்பு மோதினாலே திறந்துகொள்வது, அது அந்தத் தீயின் படிப்பினையாகப் பரவிய அமைப்பு. அந்தக் கதவுக்கு வெளியே சங்கிலி போட்டால் நூறாண்டுப் பாடத்தை அழித்ததாகிவிடும்.

இரவு வேலை முடிந்ததும் விளக்குகள், உயர வேலை பற்றி விரிவாக எழுதுகிறேன்.

---

நெறியாளன்_வட்டம் | சனி, காலை 9.40

நான் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகக் குழுக்களோடு பதினைந்து நாடகங்கள் செய்திருக்கிறேன்.

கதவைத் திறக்க வைத்தது சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் அந்தக் கதவை மாலை 6.00 மணிக்குத்தான் பார்த்தீர்களா? காலை 10.00 மணிக்குப் பார்த்திருந்தால் யாரும் கெஞ்சவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். ஒப்பனை போட்டுக்கொண்டு, உடலைத் தயார்செய்து, மனத்தை ஒருமுகப்படுத்திக் காத்திருக்கும் நடிகரை நாற்பது நிமிடம் பக்கத்திரையில் நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? உடல் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடலோடு சண்டைக் காட்சியில் குதித்தால் தசை பிடித்துக்கொள்ளும். அதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான்.

இன்னொன்று. நடைமுறை என்ற பெயரில் காகிதத்தைக் குவிக்காதீர்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை மட்டும் உள்ள நாடகத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் என்னிடம் 14 பக்கப் படிவம் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. அப்படிப்பட்ட படிவம் ஒருவரையும் காப்பாற்றாது.

---

பக்கத்திரை | சனி, காலை 10.05

ஐயா, நேரம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். காலையில் விளக்கு, ஒலி எல்லாம் சோதித்தோம். கதவு கட்டடத்தின் பொறுப்பு, நாடகக் குழுவின் பொறுப்பு அல்ல என்று நினைத்துவிட்டேன். அது தவறு. நடைமுறையின் முதல் வரி இதுதான்: காட்சி நாளில் காலையிலேயே எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து தள்ளித் திறந்து பார்ப்பது, பார்வையாளர்களை விடுவதற்கு முன் மறுபடியும் அதையே செய்வது.

---

வாயில்_காவல் | சனி, பிற்பகல் 2.20

கல்வி வளாகங்களில் காவல் பணி செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

கதவைத் திறந்து வைத்தால் அத்துமீறி நுழைகிறார்கள். ஒப்பனை அறையில் பணப்பை, கைப்பேசி திருட்டுப் போகிறது. விலை உயர்ந்த ஒலிக்கருவி காணாமல் போகிறது. புகார் எங்களிடம் வருகிறது. பூட்டுவதைத் தவிர வேறு வழி சொல்லித் தராவிட்டால் காவலர் பூட்டத்தான் செய்வார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வழி இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் சங்கிலி போடலாம். ஒவ்வொரு சங்கிலிக்கும் பூட்டுக்கும் எண் போடுங்கள். மேடை மேலாளரும் அரங்கப் பொறுப்பாளரும் போகவர பார்க்கும் இடத்தில் ஒரு பலகை மாட்டி, அதே எண்களில் கொக்கி அடியுங்கள். பார்வையாளர்களை விடுவதற்கு முன் எல்லாச் சங்கிலியும் அந்தப் பலகையில் தொங்க வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு கதவு இன்னும் பூட்டியிருக்கிறது என்று பொருள். படிவம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். பிரிட்டனில் பல அரங்கங்களில் இது பழைய வழக்கம்.

காட்சி நடக்கும்போது ஒவ்வொரு கதவருகிலும் உள்பக்கம் ஒரு மாணவத் தொண்டர் நிற்கட்டும். வெளியிலிருந்து யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வார், ஆபத்து என்றால் கதவைத் திறப்பதும் அவரே. கதவைத் திறந்தால் மணி அடிக்கும் சிறு கருவியைப் பொருத்தினால் இன்னும் நல்லது. மேடையின் பின்புற வாயிலில் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்து, வருகிறவர் நேரத்தோடு பெயரை எழுதட்டும், போகும்போது அதைக் கோடிட்டு அடிக்கட்டும். திருட்டைத் தடுக்கவும் அது உதவும், தீ என்றால் உள்ளே யார் மிச்சம் என்று எண்ணவும் அதுதான் வேண்டும். ஒப்பனை அறைச் சாவி ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. காட்சி நேரம் முடியும்வரை சாவியோடு ஒரு காவலர் வளாகத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பணி மாறும்போது அடுத்தவருக்குப் போய்ச் சேராது.

---

பக்கத்திரை | சனி, பிற்பகல் 2.50

பலகை யோசனைக்கு மிக்க நன்றி ஐயா. எங்கள் அரங்கில் பார்வையாளர் பகுதிக்கு நான்கு கதவுகள், மேடைக்குப் பின்னால் இரண்டு. ஆறு கொக்கிகள் வேண்டும். திங்களன்று தச்சுப் பட்டறையில் கேட்கிறேன்.

---

பொறுப்பாசிரியை_9 | சனி, மாலை 5.30

நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் நாடகக் குழுவின் பொறுப்பாசிரியை. "விவேகமாக நடந்துகொள்" என்று அந்த மாணவியிடம் சொன்னது என்னை வருத்துகிறது. நாற்பது நிமிடக் கோபத்தை ஒரு மாணவி தனியாகத் தாங்கும்படி விட்டது ஆசிரியரின் தவறு. சாவிக்காக அலைந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

எங்கள் குழுவில் எழுதி வைத்திருக்கும் விதி இது. பார்வையாளர்களை உள்ளே விடுவது, நாடகத்தைத் தொடங்குவது, நடுவில் நிறுத்துவது, மூன்றிலும் கடைசிச் சொல் மேடை மேலாளருடையது. நெறியாளருடையது அல்ல. நெறியாளர் அந்த நாடகத்தோடு மூன்று மாதம் வாழ்ந்தவர். அன்று மாலை அதை நிறுத்தும்படி அவரிடம் கேட்பது அவருக்கே நியாயமில்லை. நிறுத்திய பிறகு ஆயிரம் கேள்வி கேட்கலாம், ஆனால் அன்றிரவு கேட்கக் கூடாது. மறுநாள் கூட்டத்தில் பொறுப்பாசிரியர் முன்னிலையில்தான் கேட்க வேண்டும்.

படிவம் பற்றி நெறியாளர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிரதியை முதன்முதலாகக் குழுவாக வாசிக்கும்போதே ஒருவர் தனித்தாள் வைத்துக்கொண்டு, காட்சிவாரியாக "இங்கே யாருக்கு என்ன ஆகலாம்?" என்று எழுதிக்கொண்டே வரட்டும். எங்கள் கடைசி நாடகத்துக்கு அது ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. ஒவ்வொரு ஆபத்துக்கும் நேரே அதற்குப் பொறுப்பான ஒரு பெயர். "குழு" என்று எழுத விடமாட்டேன். குழு என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஆபத்தைக் குறைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் அதை அடியோடு நீக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறொன்றை வையுங்கள். அதன் பிறகு தடுப்பு, கைப்பிடி. அதன் பிறகுதான் விதிகளும் எச்சரிக்கைப் பலகையும். தலைக்கவசம், கையுறை எல்லாம் கடைசி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். உங்கள் ஏழு மெழுகுவத்திக்கு முதல் கேள்வி, அவை எரியத்தான் வேண்டுமா? பேட்டரியில் மினுங்கும் மெழுகுவத்திகள் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாத அளவுக்கு வந்துவிட்டன.

---

நெறியாளன்_வட்டம் | சனி, இரவு 8.10

மூன்றாம் வரிசையிலிருந்து வேறுபாடு தெரியும் அம்மா. தீயின் அருகில் நடிகர் மூச்சு விடும் விதமே மாறும். சுடர் அவர் பேச்சுக்கு அசையும். பேட்டரி விளக்கு எதற்கும் அசையாது.

ஆனால் ஏழும் எரிய வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். நடிகரின் கையருகே ஒன்று எரியட்டும், மற்ற ஆறும் பேட்டரியில் இருக்கட்டும். கண் ஒன்றை நம்பிவிட்டால் மற்றவற்றையும் நம்பும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

---

விளக்கடி | சனி, இரவு 10.45

அந்த ஒரு சுடருக்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அடி கனமான, எளிதில் சாயாத தாங்கி. கீழே உலோகத் தட்டு. சுற்றிலும் கை நீட்டும் தூரத்துக்குத் துணியோ காகிதமோ கூடாது. பக்கத்திரையில் தீயணைப்பானோடு ஒருவர், அந்தக் காட்சியில் அவருக்கு வேறு வேலை கிடையாது. சுடரை ஏற்றுவது யார், அணைப்பது யார் என்று பெயரோடு எழுதுங்கள். மின்கருவி அருகில் தண்ணீர் வகைத் தீயணைப்பான் கூடாது, கரியமில வாயு வகை வேண்டும்.

மேடைத் துணிக்குத் தீத்தடுப்பு மருந்து தெளித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தெளித்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், தண்ணீரில் துவைத்தால் பெரும்பாலான மருந்து போய்விடும். ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெளியே கொண்டுபோய், இடுக்கியில் செங்குத்தாகப் பிடித்துக் கீழ் முனையில் தீக்குச்சிச் சுடரை 12 வினாடி காட்டுங்கள். சுடரை எடுத்த பிறகு இரண்டு வினாடிக்குள் தானே அணைய வேண்டும், எரிந்துகொண்டே சொட்டக் கூடாது. அணையாத துணி மேடைக்கு வரக் கூடாது.

இனி விளக்கு. தொங்கும் ஒவ்வொரு விளக்கும் இரண்டு பிடியில் இருக்க வேண்டும். ஒன்று கொக்கி, இன்னொன்று விளக்கையும் குழாயையும் சேர்த்துச் சுற்றிய எஃகுக் கம்பி. கொக்கி நழுவினாலும் விளக்கு அந்தக் கம்பியில் தொங்கும். விளக்கின் முன்னால் மாட்டும் வண்ணத்தாள் சட்டம், ஒளி மறைக்கும் தகடு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சின்னத் தகடுதானே என்பார்கள். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் அது சின்னது அல்ல.

மேலே ஏறுகிறவரின் சட்டைப்பையில் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பானர் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்க வேண்டும். சாய்ப்பு ஏணி என்றால் நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி அளவில் கால் தள்ளியிருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். சக்கரம் வைத்த கோபுர ஏணி என்றால் சக்கரங்களைப் பூட்டிய பிறகே ஏற வேண்டும். ஆள் மேலே இருக்கும்போது அதை உருட்டுவது நான் இளவயதில் தினமும் பார்த்த காட்சி. என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படித்தான் விழுந்து இடுப்பு முறிந்தார். அதன் பிறகு அவர் விளக்கு கட்டவில்லை.

எதிர்எடை வைத்துத் திரைகளை ஏற்றி இறக்கும் அமைப்பு உங்கள் அரங்கில் இருந்தால், பயிற்சி இல்லாத மாணவர் தொடவே கூடாது. பொருளைக் குழாயில் கட்டிய பிறகுதான் எடையை ஏற்ற வேண்டும். கழற்றும்போது எடையை முதலில் இறக்க வேண்டும், பிறகுதான் பொருள். இதை மாற்றிச் செய்தால் எடை ஒரு பக்கம் மிஞ்சி, யாராலும் கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாத வேகத்தில் ஓடிவிடும்.

மின்சாரம். பழைய 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு மின்பலகையில் எத்தனை மாட்டலாம் என்று கணக்குப் போட்டு, அந்தப் பலகை மீதே எழுதி ஒட்டுங்கள். நீட்டிப்புக் கம்பியை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்ளே சூடேறி உறை உருகும், முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாத இணைப்பில் எதையும் மாட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமானது தூக்கமின்மை. மாணவர்கள் பகலில் வகுப்புக்குப் போய்விட்டு, இரவு முழுவதும் விளக்கு கட்டுகிறார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்தை ஒத்திருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்தவரை ஏணியில் ஏற்றுவோமா? இரவு 11.00 மணிக்கு மேல் உயர வேலை கிடையாது என்று எழுதுங்கள். நெறியாளர் எவ்வளவு கெஞ்சினாலும்.

---

அரிதாரம் | ஞாயிறு, காலை 7.30

ஒப்பனைப் பக்கம் யாரும் பேசவில்லை, நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒட்டு மீசைப் பசை, லேடெக்ஸ் என்ற திரவ ரப்பர் இரண்டையும் முதல் நாளே முன்கையில் சிறிது தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். கண்ணிமைக்கான தூரிகையும் மையும் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்குக் கண்வலி வந்தால் மூன்றாம் நாள் எல்லாருக்கும் வந்துவிடும். காட்சிக்கு நடுவில் உடை மாற்றும் இடம் இருட்டாக இருக்கும், அங்கே ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம். மேடையில் சுடர் இருந்தால் அந்த நடிகருக்குத் தொங்கும் முந்தானை, அகலக் கை, ஹேர் ஸ்ப்ரே தெளித்த முடி மூன்றும் கூடாது. இதை ஒத்திகையின் முதல் வாரத்திலேயே உடை வடிவமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். தைத்த பிறகு சொன்னால் வருத்தமாக இருக்கும்.

---

மூன்றாம்_மணி | ஞாயிறு, காலை 11.00

நடிகன் பேசுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழக நாடகத்தில் கத்திச் சண்டையில் எனக்குப் புருவத்தில் ஐந்து தையல். மழுங்கிய கத்திதான். அன்று காட்சிக்கு முன் சண்டையை ஒருமுறை ஆடிப் பார்க்க நேரமில்லை என்றார்கள். எதிரில் நின்ற தோழன் ஓர் அடி முன்னால் நின்றான், அவ்வளவுதான்.

ஆகவே என் கோரிக்கை: ஒவ்வொரு காட்சி நாளிலும், எத்தனையாவது காட்சியாக இருந்தாலும், சண்டை, தூக்குதல், விழுதல் எல்லாவற்றையும் முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் ஆடிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். அதைச் செய்யாத நாளில் சண்டையைச் சுருக்கிவிடலாம் என்று முன்பே ஓர் எளிய வடிவம் அமைத்து வையுங்கள்.

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். 1993இல் நடிகர் பிராண்டன் லீ துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும், 2021இல் ஒளிப்பதிவாளர் ஹாலினா ஹட்சின்ஸ் அப்படியே இறந்ததும் தொழில்முறைப் படப்பிடிப்புத் தளங்களில். ஆயுதத்துக்கென்று தனி ஆள் இருந்த இடங்களிலேயே அப்படி என்றால், மாணவர் குழுவுக்கு அதைக் கையாளும் தகுதி எங்கிருந்து வரும்? வெடிச்சத்தம் ஒலிப்பெருக்கியில் வரட்டும், கையில் மரத்துப்பாக்கி போதும். அதையும் பூட்டிய பெட்டியில் வையுங்கள். வளாகத்தில் மாணவர் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது. காவல் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருட்டு. விளக்கணைத்ததும் கண் பழக நேரம் பிடிக்கும், முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எங்களுக்குக் கொடுப்பது ஐந்து வினாடி. மேடை விளிம்பு, படியின் ஓரம், தளத்தின் மூலைகள் எல்லாவற்றிலும் இருளில் ஒளிரும் நாடாவை ஒட்டுங்கள். வாத்தியக்காரர்கள் உட்காரும் முன்மேடைப் பள்ளம் திறந்திருந்தால் அது இன்னும் அவசியம்.

தொடுதல் உள்ள காட்சிகளையும் இந்த நடைமுறையில் சேருங்கள். எங்கே, எவ்வளவு நேரம், எப்படி என்று இருவரும் ஒப்புக்கொண்டது எழுத்தில் இருக்கட்டும். மறுநாள் மனம் மாறினால் காரணம் கேட்கக் கூடாது. ஒத்திகையில் இதனால் ஒரு தோழி குழுவை விட்டே போனாள், எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

---

பொறுப்பாசிரியை_9 | ஞாயிறு, பிற்பகல் 12.40

உங்கள் கடைசிப் பத்தியை எங்கள் குழுவில் நாளை வாசித்துக் காட்டப் போகிறேன், உங்கள் அனுமதியோடு.

---

மூன்றாம்_மணி | ஞாயிறு, பிற்பகல் 12.55

வாசியுங்கள் அம்மா.

---

புகைமூட்டம் | ஞாயிறு, மாலை 4.15

தொடங்கியவர் புகை இயந்திரம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அதுதான் பெரிய கவலை. பக்கத்திரை, உங்கள் அரங்கின் தீ உணர்கருவிகள் புகை இயந்திரத்துக்கு அலறாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

---

பக்கத்திரை | ஞாயிறு, மாலை 4.40

கட்டடப் பொறியாளர் ஒத்திகை நாளில் மேடைப் பகுதி உணர்கருவிகளை நிறுத்தி வைத்தார். மறுபடி இயக்கினாரா என்று தெரியவில்லை. இப்போதே கேட்கிறேன்.

---

பக்கத்திரை | ஞாயிறு, மாலை 5.25

இயக்கவில்லை. ஐந்து நாட்களாக நிறுத்தியே இருந்திருக்கிறது. இப்போது இயக்கிவிட்டார்கள்.

---

புகைமூட்டம் | ஞாயிறு, மாலை 6.00

கேட்டதற்கு நன்றி. இது எங்கும் நடப்பதுதான். புகைக்காக நிறுத்துகிறார்கள், நாடகம் முடிந்த களைப்பில் மறந்துவிடுகிறார்கள்.

நிறுத்தும்போது ஒரு தாளில் நேரம், நிறுத்தியவர் பெயர், திரும்ப இயக்க வேண்டிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்தத் தாள் மேடை மேலாளரின் பிரதியோடு இருக்க வேண்டும். கருவி தூங்கும் நேரம் முழுவதும் அதன் வேலையை ஒரு மனிதர் செய்ய வேண்டும்: மேடையையும் மேடைக்கு அடியையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பவர், கையில் தொடர்புக் கருவியோடு. அரங்கை விட்டுக் கடைசியாகப் போகிறவர் உணர்கருவி இயங்குகிறதா என்று பார்க்காமல் கதவைச் சாத்தக் கூடாது.

புகை வருகிறது என்று டிக்கெட்டிலும் வாசலிலும் எழுதுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் முடிவெடுக்கட்டும். நடிகர்களிடமும் கேளுங்கள். மூச்சிழுப்பு மருந்தைப் பக்கத்திரையில் எங்கே வைத்திருக்கிறார் என்று இன்னும் இருவருக்குத் தெரிய வேண்டும். உலர்பனிக்கட்டி பயன்படுத்தினால் இன்னும் எச்சரிக்கை: அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். அதிலிருந்து எழுவது கரியமில வாயு. காற்றைவிட கனமானது, தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். மேடைப் பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தாலோ, காட்சிப்படி தரையில் ஒருவர் படுத்துக் கிடந்தாலோ அவர்கள் அந்த வாயுவைத்தான் சுவாசிப்பார்கள்.

மின்னி மின்னி எரியும் விளக்கு உண்டா? வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு அது வலிப்பைத் தூண்டும். வினாடிக்கு 3 முதல் 30 முறை மின்னுவது பெரும்பாலும் ஆபத்தான எல்லை. அதையும் வாசலில் எழுத வேண்டும்.

---

அரங்க_முன்றில் | ஞாயிறு, இரவு 9.30

பார்வையாளர் பகுதியைக் கவனிக்கிற வேலை என்னுடையது. எல்லோரும் மேடையைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் உள்ளே இருக்கும் 420 பேரும் ஒத்திகை பார்க்காதவர்கள்.

மக்கள் தாங்கள் நுழைந்த வாசலைத் தேடியே ஓடுவார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையில் கொளுத்திய வாணம் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு நுரையில் பற்றியது. வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் வந்த வாசலுக்கே ஓடி நெரிந்தார்கள். 100 பேர் இறந்தார்கள். நிலைமை கைமீற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் நாடகம் தொடங்கும் முன் வழிகளை வாயால் சொல்ல வேண்டும், தொண்டர்கள் கையால் காட்ட வேண்டும். எங்கள் அறிவிப்பு இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "நாடகம் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம். உங்கள் இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி, பின்னால் இரண்டு வழிகள். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் வழியை இப்போதே திரும்பிப் பாருங்கள்." அந்த "இப்போதே திரும்பிப் பாருங்கள்" முக்கியம். தலை திரும்பினால் மனத்தில் நிற்கும்.

நடுவில் நிறுத்த நேர்ந்தால் மேடை மேலாளர் சொல்ல வேண்டியது அவர் பிரதியின் முதல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கட்டும். அந்த நேரத்தில் சொல் வராது. எங்களுடையது: "நாடகத்தைச் சற்று நிறுத்துகிறோம். நடிகர்கள் மேடையை விட்டு வெளியேறவும். பார்வையாளர்கள் அருகில் உள்ள வழியாக, ஓடாமல், தொண்டர்கள் காட்டும் பக்கம் வெளியே செல்லுங்கள்." இதைச் சொன்ன கணமே அரங்க விளக்குகள் எரிய வேண்டும். 1881இல் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்தபோது வாயு விளக்குகளை அணைத்துவிட்டார்கள், அவசரத்துக்கு வைத்திருந்த எண்ணெய் விளக்குகள் எரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் இருட்டில் மடிந்தார்கள். அவசர விளக்குகளை, முதன்மை மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துத்தான் சோதிக்க முடியும். சோதியுங்கள்.

நடைபாதையில் கூடுதல் நாற்காலி, ஒளிப்பதிவுக் கருவியின் முக்காலி, பை எதுவும் கூடாது. துணைவேந்தரின் விருந்தினர் என்றாலும் கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவரை வெளியே அழைத்துப் போக இரண்டு பேரை முன்பே நியமித்து, அவரிடமே அறிமுகப்படுத்துங்கள். எப்படி உதவ வேண்டும் என்று அவர் சொல்வார்.

---

பக்கத்திரை | அடுத்த ஞாயிறு, இரவு 10.20

இரண்டு காட்சிகளும் முடிந்தன. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

நடைமுறை மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் பெயர்களும் பொறுப்புகளும் மட்டும். பொறுப்பாசிரியை சொன்ன விதியை அப்படியே வைத்தேன். எங்கள் பொறுப்பாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்திட்டுவிட்டு, "அன்று நானும் கதவருகில் நின்றிருக்க வேண்டும்" என்றார்.

மெழுகுவத்தி ஒன்று எரிந்தது, ஆறு பேட்டரியில். நெறியாளரே கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். துணிச் சோதனையில் பின்திரை தேறியது, மேசை விரிப்பு தேறவில்லை. எரிந்துகொண்டே சொட்டியது. நடிகையின் கையருகே சுடர் இருந்த அதே மேசையின் விரிப்பு அது. முதல் காட்சியில் அதோடுதான் ஆடியிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. விரிப்பை எடுத்துவிட்டு வெறும் மரமாகவே விட்டோம்.

வெள்ளிக்கிழமை விளக்கு சரிசெய்யும்போது கோபுர ஏணியின் ஒரு சக்கரம் பூட்டாமல் இருந்ததை முதலாமாண்டு மாணவன் ஒருவன் பார்த்து "நில்லுங்கள்" என்று கத்தினான். மேலே ஏறிக்கொண்டிருந்தவர் நான்காம் ஆண்டு, அவனைவிட மிக மூத்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினார். சக்கரத்தைப் பூட்டினார்கள், மறுபடி ஏறினார். அன்று அதைப் பற்றி யாரும் வேறெதுவும் பேசவில்லை.

சங்கிலிப் பலகை அரங்கப் பொறுப்பாளர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை 5.30க்குப் பார்த்தேன், நான்காம் கொக்கி காலி. மேடைக்குப் பின்னால் இருக்கும் கதவு. காவலர் என்னைப் பார்த்ததுமே சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். 5.34க்கு ஆறு சங்கிலிகளும் தொங்கின. 7.00 மணிக்கு நாடகம் தொடங்கியது.

விளக்கடி அண்ணா, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அடுத்த பருவத்து நாடகத்துக்கு மேடையில் இரண்டு மீட்டர் உயரத் தளம் கேட்கிறார்கள், பார்வையாளர் பக்கம் கைப்பிடி இருந்தால் காட்சி மறையும் என்கிறார் வடிவமைப்பாளர். என்ன செய்யலாம்?

---

விளக்கடி | திங்கள், காலை 6.05

முதலில் அந்தத் தளம் ஏன் இரண்டு மீட்டர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அறுபது சென்டிமீட்டர் போதும் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. உயரம் அவசியம்தான் என்றால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் கைப்பிடி கட்டாயம், முன்விளிம்பிலிருந்து நடிகர் தாண்டக் கூடாத கோடு, அந்தக் கோட்டில் காலுக்குத் தட்டுப்படும் ஒரு மரச்சட்டம், விளிம்பில் ஒளிரும் நாடா. அந்தத் தளத்தில் ஆள் இருக்கும்போது முழு இருட்டு கூடாது. வரைபடத்தை இங்கே போடுங்கள், தாங்கு கால்களையும் பார்க்க வேண்டும்.